மூட்டத்துக்குள் தூண் பாறை

மாலை நாலரை மணி. நவம்பர் மாதம். ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாலை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. நம் ஊரில் அந்த நேரத்துக்கு வெயில் முதுகைச் சுடும். அங்கே இருட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலோரம் இருப்பவர் திரையை இழுத்துவிடுங்கள். பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள், கதை முடிந்ததும் நடைக்கோடியில் இருக்கும் கழிவறைக்குத் தனியாகப் போய்வந்து சிரியுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அந்தச் சாலையில் பழைய வோக்ஸ்வாகன் ஒன்று முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் குருமூர்த்தி. என் அண்ணனுடைய சிநேகிதர். அறுபத்தெட்டில் இதே ஆஹென் நகரத்தில் உலோகவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். பக்கத்தில் சுந்தரராஜன், குருமூர்த்தியின் தங்கை வத்சலாவின் புருஷன். ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்து மாப்பிள்ளையை இங்கே வரவழைத்ததே குருமூர்த்திதான்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்த அடுத்த கோடையிலேயே வத்சலா போய்விட்டாள். மஞ்சள் காமாலை. வைகாசி வெயிலில் உடம்பை எவ்வளவு நேரம் போட்டு வைத்திருக்க முடியும்? தந்தி இங்கே வந்தபோது வத்தலக்குண்டில் சாம்பலைக் கரைத்துவிட்டு வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். புருஷனும் முகம் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவனும் பார்க்கவில்லை.

குருமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதால் அடுப்புப் பற்றவைப்பது யார்? சுந்தரராஜன் அழவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இன்னொரு தட்டையும் எடுத்து வைப்பார். வத்சலா இருந்தாள் என்று அவர் வாயில் வராது... இருக்கிறாள் என்றுதான் வரும். ஒரே ஒரு பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“முகத்தைப் பாத்திருந்தா மனசு விட்டுருக்கும் மச்சான். பாக்கலையே.”

செத்துப்போனாள் என்று ஊரே சொல்லட்டும். முகம் பார்க்காதவன் மனசில் அது எப்படி ஏறும்? மனுஷன் நாளுக்கு நாள் உருகிக்கொண்டே போனார். இப்படியே விட்டால் இவரையும் பறிகொடுத்துவிடுவோம் என்று குருமூர்த்திக்குத் தோன்றிவிட்டது. காற்றாட ஒரு சுற்று சுற்றிவரலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை இரவல் வாங்கிக் கிளம்பினார்.

மலை ஏற ஏற சுந்தரராஜன் பேச ஆரம்பித்தார். ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முன்னால் வத்சலாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனாராம். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த பெண்... அதுவரை மேலே ஏறியதே இல்லை. போன நேரம் பார்த்து ஒரே மூட்டம். கோக்கர்ஸ் வாக்கில் நடந்தார்கள், பள்ளத்தாக்கைக் காணவில்லை. ஏரிக்குப் போனார்கள், துடுப்புச் சத்தம்தான் கேட்டது, படகைக் காணவில்லை. தூண் பாறைக்குப் போய்க் கம்பி ஓரத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றபடி சாயங்காலம் வரை காத்துக்கிடந்தார்கள். ஒரு வழிகாட்டி அந்த வெள்ளைக்குள் விரலை நீட்டி, “இந்தா தெரியுதுல்ல, இதாம்மா தூண் பாறை, மூணு கல்லு” என்று விளக்கமாகச் சொன்னான். வத்சலாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

“நீங்க படிச்சு முடிச்சு வாங்க. இன்னொரு தடவை வந்து இதே மாதிரி பாக்காமப் போவோம்.”

இதைச் சொல்லிவிட்டுச் சுந்தரராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாலை ஒரு காட்சிமுனையில் போய் முடிந்தது. கல் மேடை, இரும்புக் கம்பி, கம்பிக்கு அப்பால் கிடுகிடு பள்ளம். ஓரத்தில் காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று. ஒரு ஈ காக்கை இல்லை. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி மேடை விளிம்பு வரை வந்து நின்றது.

“இங்கயும் இதே கதைதானா?” என்றார் குருமூர்த்தி. ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

சுந்தரராஜன் சட்டைப்பையைத் துழாவி ஒரு பத்து பிஃபெனிக் ஜெர்மன் காசை அந்த இயந்திரத்தில் போட்டார். உள்ளே கடிகாரம் ஓட ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக்... குனிந்து கண்ணை வைத்தவர் அசையவில்லை.

“மச்சான்... வெயில் அடிக்குது.”

“எங்க மாப்ளே?”

“தூண் பாறையில. மூணும் தெரியுது. கம்பி ஓரத்துல வத்சலா நிக்கிறா... முதுகைக் காட்டிட்டு.”

காசுக்கான நேரம் முடிந்து, டக்கென்று உள்ளே மூடி விழுந்தது.

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே குருமூர்த்தி நினைத்தார். தானும் ஒரு காசு போட்டுப் பார்த்தார். வெள்ளை... வெறும் வெள்ளை. ஆனால் நிமிரும்போது மூக்கில் ஒரு வாசம் ஏறியது. தைலமர இலையைக் கசக்கின வாசம். அதோடு கொதிக்கும் எண்ணெய் வாசம். ஐஃபல் காட்டில் தைலமரம் ஏது? பஜ்ஜிக்கடைதான் ஏது?

சுந்தரராஜன் மறுபடி காசு போட்டார். மறுபடியும் போட்டார்.

“நல்லாப் பாக்குறா மச்சான். ஆசை தீரப் பாக்குறா... வத்சலா. இங்க பாரு. இந்தப் பக்கம்... திரும்ப மாட்டேங்குறாளே.”

“போதும், வாங்க போலாம்.” குருமூர்த்தி அவர் கையைப் பிடித்து இழுத்தார். பிடித்த கையைச் சட்டென்று விட்டுவிட்டார். எலும்பைக் குடையும் குளிரில், மாப்பிள்ளையின் கோட்டுக்கை உச்சிவெயிலில் உலர்த்தின துணியாகச் சுட்டது.

டக். சுந்தரராஜனிடம் காசு தீர்ந்துவிட்டது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு குடுங்க மச்சான். திரும்பப் போறா. எனக்குத் தெரியும்.”

குருமூர்த்தியிடம் ஒரு காசு இருந்தது. பைக்குள்ளேயே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பிக் கூப்பிட்டால் இந்த மனுஷன் கம்பியைத் தாண்டிப் போய்விடுவார். காசு இல்லை என்று கூட்டிப்போனாலும், இன்னொரு நாள் யாருக்கும் சொல்லாமல் தனியாக வருவார். வராமல் இருக்கவே மாட்டார். இன்றைக்கென்றால் பிடித்துக்கொள்ளவாவது ஒரு ஆள் இருக்கிறது. காசைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் இடுப்பு பெல்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

டிக்... டிக்... டிக்...

தைலமர வாசம் போய்விட்டது. இப்போது ரோஜா மாலை வாசம்... ஊதுபத்தி... ஈர மண்... மூட்டத்துக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு குரல். கரகரத்த ஆண் குரல், அலுப்பான குரல், சுத்தமான நம் ஊர்த் தமிழில்.

“முகம் பாக்குறவங்க எல்லாம் வந்து பாத்துக்குங்க...”

சிதையில் முகத்தை மூடுவதற்கு முன்னால் சுடுகாட்டில் கடைசியாகக் கூப்பிடுவார்களே, அந்தக் கூப்பாடு. அதை ஒரு தடவை கேட்டவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

சுந்தரராஜனின் உடம்பு ஒரு தடவை குலுங்கியது.

“திரும்பிட்டா மச்சான்.” அப்போதுதான் அந்த மனுஷன் அழுதார். ஆறு மாத அழுகை. “முகமெல்லாம் மஞ்சளா வெயிலு. நெத்தி பளபளன்னு மின்னுது. சிரிக்கிறா... நீங்களும் பாருங்க. உங்க தங்கச்சி.”

அவரே விலகி இடம் விட்டார். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குருமூர்த்தி ஒரு கையால் பெல்டை விடாமல் குனிந்து கண்ணை வைத்தார்.

டிக்... டிக்...

டக்.

“பாத்தீங்களா? சிரிக்கிறாளா?”

குருமூர்த்தி நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “ஆமா மாப்ளே. நல்லாச் சிரிக்கிறா.”

திரும்பி வரும் வழியெல்லாம் சுந்தரராஜன் அசந்து தூங்கினார். அன்றைக்குத் தனக்கு ஒரு தட்டுதான் எடுத்து வைத்தார். வயிறாரச் சாப்பிட்டார். பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், நல்ல வேலையில் சேர்ந்து, பிழைத்துக்கொண்டார். குருமூர்த்திதான் அதற்கப்புறம் ஊருக்கே போகவில்லை. முகம் பார்த்தால் மனசு ஆறும் என்பார்கள். பார்த்தும் ஆறாத துக்கம் அவருக்கு வாய்த்தது. என் அண்ணனிடம் மட்டும், ஒரே ஒரு தடவை, தான் பார்த்தது என்ன என்று சொன்னார்.

வெயில் இல்லை. பாறை இல்லை. கண்ணாடி நிறைய வத்சலாவின் முகம், மிகக் கிட்டத்தில். கண்கள் மூடியிருந்தன. முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டு. உதட்டோரம் வாய்க்கரிசி.

நம் பக்கத்தில் செத்துப்போகிறவர்கள் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி அனுப்புவோம், தெரியும் இல்லையா? வத்சலாவின் நெற்றியிலும் ஒரு காசு மின்னியது. அது ரூபாய் இல்லை. ஓக் கன்று பொறித்த பத்து பிஃபெனிக்.