ஒன்பதாவது வேட்டு

“தலையக் குனிங்க! குனிங்கடா!”

குனிகிறோம். கல் சில்லுகள் முதுகில் விழுகின்றன. குழிக்குள் ஐந்து பேர். தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காக நாங்களே வேட்டு வைத்து எடுத்த குழி. முதலில் மலைப் பக்கம் ‘டொம்’ என்று கேட்கும். அப்புறம் தலைக்கு மேல் துணி கிழிகிற சத்தம். அப்புறம் தரை உதறும்.

1986 ஜனவரி 13. திங்கட்கிழமை. ஊரில் போகி. இடம் ஏடன், தெற்கு ஏமன். காலை பத்து மணி தாண்டியிருக்கும், ஆரம்பித்தது.

எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கடத்தூர் பக்கத்துக் கிணறுவெட்டிகள் நாங்கள். பாறையில் துளை போட்டு, வெடிமருந்தை இறுகக் கிட்டித்து, வெடிக்க வைப்பது தொழில். மழை பொய்த்த வருடங்கள். கிணறு வெட்டக் கூப்பிட ஆள் இல்லை. ஏடனில் பாறை உடைக்க ஆள் வேண்டும் என்றார் ஒரு ஏஜெண்ட். போனோம். என் தங்கை காவேரியின் புருஷன் மாதையனும் வந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் காவேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர நீதாண்ணா வூட்டுக்குத் திரும்பக் கூட்டியாரணும்” என்றாள். சரி என்றேன்.

அது செங்கொடி நாடு. அரபு தேசங்களில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தது அங்கே மட்டும்தான். துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல். ரஷ்ய டாங்கி, ரஷ்ய டாக்டர், ரஷ்ய மீன் டப்பா. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுக்கு வேண்டியவர்கள். குண்டு வந்தால் அங்கேயிருந்துதான் வரும் என்று எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். வந்ததோ உள்ளேயிருந்து. கட்சிக்குள் இரண்டு கோஷ்டி. இரண்டு கோஷ்டிக்கும் ரஷ்யா கொடுத்த பீரங்கி. ஒருவரையொருவர் ‘ரஃபீக்’ என்று கூப்பிடுவார்கள். தோழர் என்று அர்த்தம். சுட்டவனும் ரஃபீக். செத்தவனும் ரஃபீக்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எட்டுத் துளை போட்டால் எட்டு வேட்டு. திரியைப் பற்றவைத்துவிட்டு “வேட்டு! வேட்டேய்!” என்று கத்துவோம். ஓடி ஒளிவோம். ஒளிந்திருக்கிற ஒவ்வொருவனும் எண்ணுவான். எட்டும் வெடித்தால்தான் வெளியே வருவோம். ஒன்று குறைந்தாலும் வரமாட்டோம்.

ஏடன் குழிக்குள்ளும் எண்ணினோம். யாரும் சொல்லவில்லை. வாய் தானாக எண்ணியது. செவ்வாய்க்கிழமை, பொங்கலன்று, மாதையன்தான் கண்டுபிடித்தார். “மச்சான், கவனிச்சீங்களா? எட்டு எட்டாத்தான் போடறான். எட்டு முடிஞ்சா பீடி பத்தவெக்கப் போயிடறான்.”

சிரித்தோம். ஆனால் நிஜமாகவே எட்டுதான். எட்டு முடிந்தால் ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில் மாதையன் சாலையைத் தாண்டி ஓடுவார். எதிர்க் கொட்டகையில் எங்கள் தண்ணீர் டிரம் இருந்தது. கேனை நிரப்பிக்கொண்டு திரும்புவார். எங்களில் அவர்தான் சின்ன வயசு, நல்ல ஓட்டக்காரர். புதன்கிழமையும் அப்படியே கழிந்தது. சாலையில் நாய்கள் எதையோ இழுத்துக்கொண்டு போயின. நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

வியாழன் சாயங்காலம். கேன் காலி. நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணுகிறோம். ஏழாவது ரொம்பப் பக்கத்தில். எட்டு. சத்தம் நிற்கிறது. மாதையன் கேனை எடுக்கிறார்.

“கொஞ்சம் பொறுங்க மாப்ளே.”

“எட்டாச்சுங்க மச்சான்.”

ஏறுகிறார். என் கணக்கிலும் எட்டுதான். அவர் நடுச்சாலையில் இருக்கிறார். மலைப் பக்கம் ‘டொம்’.

“மாப்ளே, படுங்க! படுங்க!”

அவர் படுக்கவில்லை. நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். கை விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார்.

இருட்டுகிற வரை யாரும் ஏறவில்லை. பிறகு நான் தவழ்ந்து போனேன். கிடைத்ததைச் சேர்த்து, சாலையோர ஜல்லியைத் தள்ளி மூடினேன். கையால்தான். மண்வெட்டிச் சத்தம் கேட்டால் சுடுவார்கள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, இங்கிலாந்து ராணியின் கப்பல் வந்து நின்றது. கடற்கரைக்குப் படகு அனுப்பி, எங்கள் நான்கு பேரையும் சேர்த்து, வெளிநாட்டுக்காரர்களை ஏற்றினார்கள். ரஷ்யக் கப்பலும் ஏற்றியது. நாற்பது வருடமாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பும் அன்றைக்கு ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டன. கரையில் ரஃபீக்குகள் சண்டையை நிறுத்தவில்லை.

இப்போது டிவியில் மறுபடியும் அந்தக் கடல். கப்பல் எரிகிறது. பெரிய நாடுகள் திரும்பவும் அங்கே வந்து நிற்கின்றன. எனக்கு இது நல்லதாகப் படவில்லை. பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

போனவர்கள் ஐந்து பேர். வந்தவர்கள் நான்கு பேர். என் இடது காது அங்கேயே போனது. தெற்கு ஏமன் என்ற நாடு இன்று தேசப் படத்தில் இல்லை. டாங்கி கொடுத்த அந்தப் பழைய செங்கொடி ரஷ்யாவும் இல்லை. செத்தவர்களை ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். சரியாக யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒருவரைத்தான். மாதையன். இருபத்து நான்கு வயது.

காவேரி என்னைத் திட்டவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கப்பல்ல எடம் இருந்துச்சாண்ணா?”

இருந்தது. என் பக்கத்திலேயே இருந்தது.