சார் போடாத மூணாவது தடவை

— பயணிகள்லாம் இறங்கியாச்சு, காக்பிட்டுல இப்ப நாம ரெண்டு பேர்தான். ஒரே ஒரு வரிம்மா. ‘இனிமேல் கேப்டனிடம் குரலை உயர்த்த மாட்டேன்.’ எழுதிக் குடுத்துட்டா நானும் கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா காப்பி குடிப்பேன்.

— எழுத மாட்டேன், சார்.

— பாரும்மா, உன்னோட ஆறு மாசத் தற்காலிகம் இன்னையோட முடியுது. இந்தப் படிவத்துல என் கையெழுத்து விழலேன்னா கோ-பைலட் வேலை உனக்கு நிரந்தரமாகாது. தெரியுமில்ல?

— தெரியும். காலையில அப்பாவும் அதையேதான் சொன்னாரு. வாயைக் கட்டிக்கிட்டு இருன்னு.

— விவரமான மனுஷன்.

— அவரு விமானம் ஓட்டலியே, சார்.

— இந்த வாய்தான். நாங்கள்லாம் கோ-பைலட்டா இருந்தப்ப கேப்டனோட பெட்டியை நாங்கதான் தூக்குவோம்.

— உங்க பெட்டிக்குச் சக்கரம் இருக்கு, சார்.

— சரி, பெட்டியை விடு. காலையில காக்பிட்டுக்குள்ள வந்ததும் ஒரு வணக்கம் சொல்றதுக்கு என்ன கேடு? விறுவிறுன்னு வந்தே, வலது சீட்ல உக்காந்தே, பெல்ட்டை மாட்டினே. அதை முதல்ல எழுதறேன்.

— வணக்கம் சொன்னேன். நீங்கதான் திரும்பியே பாக்கல. சார், உங்க பேனா மூடி கீழ விழுந்துடுச்சு.

— ரெண்டாவது. ரேடியோவை எடுக்கறதுக்கு முன்னாடி ‘நான் பேசட்டுமா’ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டியா?

— கேட்டேன்.

— கூசாம பொய் சொல்றியேம்மா.

— பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. சார், பேனா மூடி. உங்க சீட்டுக்கு அடியில.

— மூணாவதுதான் பெரிசு. இறங்கற நேரத்துல என்னைப் பாத்து ‘கோ அரவுண்ட்’னு தொண்டை கிழியக் கத்தினே. ‘சார்’ கிடையாது, ஒண்ணும் கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுக்கே கேட்டிருக்கு. என் மானமே போச்சு.

— உயரமும் ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி. அப்படியே இறங்கியிருந்தா ஓடுபாதை பத்தியிருக்காது. அந்த மாதிரி நேரத்துல மேல தூக்கி மறுபடி சுத்தி வரணும். அதை கோ-பைலட் சொன்னாலும் கேப்டன் செஞ்சாகணும். சட்டம் அது.

— நான் இல்லேன்னா சொன்னேன்? தூக்கினேன்ல? சுத்தி வந்து பத்திரமா இறக்கினேன்ல? நான் சட்டத்தைப் பேசல, மரியாதையைப் பேசறேன். முதல்ல நயமா சொல்லிப் பாக்கணும். எடுத்த எடுப்புலயே கத்துவியா?

— ‘கோ அரவுண்ட், சார்’னு ரெண்டு தடவை நயமாத்தான் சொன்னேன். நீங்க பாட்டுக்கு இறக்கிட்டே போனீங்க. மூணாவது தடவை சார் போட எனக்கு நேரமில்ல. என்ன திமிர் பிடிச்ச மனுஷன்னு நெனச்சேன், அதையும் எழுதிக்கோங்க.

— என்ன தைரியம் உனக்கு.

— அது இருந்ததாலதான் நூத்தி எழுபது பேரும் இப்ப அவங்கவங்க பெட்டியை இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. கையெழுத்துப் போடாட்டிப் போங்க. மன்னிப்பு மட்டும் என் கையால வராது.

— ரொம்ப நல்லது. ‘நடத்தை: மோசம்.’ எழுதியாச்சு. உன் கதை முடிஞ்சுது. ஆமா, இந்தப் பேனா மூடி எங்க போச்சு?

— உங்க சீட்டுக்கு அடியில.

— விழறதைப் பாத்துட்டுச் சும்மாவா உக்காந்திருந்தே? சொல்ல மாட்டியா?

— ரெண்டு தடவை சொன்னேன், சார்.

— எப்போ?

— இப்பதான். காலையில வணக்கம் சொன்ன மாதிரியே, ரேடியோவுக்குக் கேட்ட மாதிரியே. மெதுவா, மரியாதையா, உங்க வலது பக்கத்துல உக்காந்துக்கிட்டு.

— கதவைச் சாத்தும்மா.

— சாத்தல, சார். எத்தனை நாளா அந்த வலது காது கேக்கல?

— போன தடவை டாக்டர் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு மூணு மாசமாதான். இந்தா பாரு, ‘மோசம்’கறதை அடிச்சுட்டேன். ‘மிக நன்று’ன்னு போடறேன். கையெழுத்தும் போடறேன். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டே வருஷம்தாம்மா.

— போடாதீங்க, சார். இதே விமானத்துல திரும்பிப் போறவங்க ஏற நாப்பது நிமிஷம்தான் இருக்கு. வேற கேப்டனை அனுப்பச் சொல்லி ஆஃபீசுக்கு ஃபோன் போகணும். நீங்களே பண்ணிட்டா உங்களுக்கு மரியாதை.