பழுப்பு வளையம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் மின்விசிறி இப்படிக் கத்துவதற்குக் காரணம் பேரிங் இல்லை, ஐயா. பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீல் கிழிந்திருக்கும். தூசி உள்ளே போய்விட்டது. பழுது பார்க்க வருகிறவன் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் போவான், கொஞ்ச நாளில் மறுபடி கத்தும். சுழலுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அதைக் காப்பதை யாரும் பார்ப்பதில்லை.

நான் பார்ப்பேன். பித்துங் துறைமுகத்து ஐஸ் ஆலைக்கு சீல் வாங்குகிறவன் நான்தான். மனாடோ கடைகளில் ஏறி இறங்கி, சுரபாயாவிலிருந்து கப்பலில் வரும் பெட்டிகளைக் கிளறி, ஒவ்வொரு வளையத்தையும் நகத்தால் அழுத்தி, முறுக்கி, முகர்ந்து பார்த்து வாங்குவேன். போலியென்றால் கடைக்காரர் முன்னாலேயே தூக்கி எறிவேன். நம் ஊர்ச் சூரைமீன் படகுகள் ஐஸ் இல்லாமல் கரையில் கிடந்ததில்லை. அதற்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்டதுமில்லை.

ரெக்கி அங்கே கம்ப்ரெஸர் ஓட்டுகிறவன். நல்லவன், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் மகளுக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தபோது சாட்சியாக நின்றவன் நான். அவனுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். ஐஸ் தூக்குகிறவர்கள் காலையில் பூசணிக் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருக்கும்போது நான் அந்தப் பக்கம் போனால் சும்மா இருக்க மாட்டான்.

"வெல்லி அண்ணே, வருஷம் பூரா வளையம் வளையமா வாங்குறீங்க. போட்டுவிட ஒரு கை கிடைக்கலையே உங்களுக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதில் கோபப்பட என்ன இருக்கிறது.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் முதலாளி ஹெங்கி என்னைக் கூப்பிட்டார். மெஷினோடு கிடக்கிறவனுக்குத்தான் மெஷினுக்கு எது வேண்டும் என்று தெரியும், இனிமேல் சாமானை ரெக்கியே பார்த்து வாங்கட்டும் என்றார். எனக்குப் படகுத்துறையில் ஐஸ் கட்டி எண்ணும் வேலை. "உனக்கும் கொஞ்சம் வெயில் படட்டும், வெல்லி," என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். பராமரிப்புக்கான சாமானை மட்டும் கடைசியாக நான் வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

வாங்கிக் கொடுத்தேன்.

கறுப்பு ரப்பர் மலிவு, பழுப்பு உசத்தி என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கப்பல் எஞ்சினைப் பொறுத்தவரை அது சரிதான். எண்ணெயிலும் கொதிக்கிற சூட்டிலும் பழுப்பு அசையாமல் நிற்கும். ஆனால் ஐஸ் ஆலையில் ஓடுவது அமோனியா. அமோனியா பழுப்பு ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முதலில் இறுகும், பிறகு வெடிப்பு விடும், அப்புறம் ஒரு நாள் உதிர்ந்துவிடும். கம்ப்ரெஸரின் தண்டு பேரிங்கைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் வாயுவைத் தடுத்து நிற்பது அந்த ஒரு வளையம்தான். அங்கே மலிவான கறுப்புதான் போட வேண்டும். நான் எப்போதும் அதைத்தான் வாங்கினேன்.

இந்தத் தடவை பழுப்பு வாங்கினேன். ரெக்கிக்கு ஒரே சந்தோஷம். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் கிண்டல் பண்ணதுல ரோஷம் வந்துருச்சா அண்ணே? கடைசியாவது மெஷினுக்கு மரியாதையா ஒண்ணு வாங்கியிருக்கீங்க."

அவனே தன் கையால் பொருத்தினான். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். சீல் தேர்ந்தெடுக்கப் போகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா, ஐயா? அவனுக்கு நான் வைத்த பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கசியும், மெஷின் நிற்கும், முதலாளிக்கு என் அருமை தெரியும். அவ்வளவுதான் என் எண்ணம்.

கசிவு எங்களுக்குப் புதிதில்லை. கண்ணாடிப் பெட்டியில் ஒரு முகமூடி தொங்குகிறது, அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காக. அதன் வடிகட்டி செத்துப் பல காலம் ஆகிறது. எங்கள் ஆட்களுக்குத் துண்டுதான். கம்ப்ரெஸர் அறை வாசலில் ஒரு நீலப் பீப்பாயில் எப்போதும் தண்ணீர் இருக்கும். துண்டை முக்கி மூக்கையும் வாயையும் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடி வால்வை மூடிவிட்டு வருவார்கள். ஈரத்துணி வாயுவைக் குடித்துக்கொள்ளும். ரெக்கி எத்தனையோ முறை அப்படிப் போய், கண் சிவக்கச் சிவக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பியிருக்கிறான்.

சீல் மாற்றிச் சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்துப் பெண் வந்தாள். பின்தெருவில் ஒரு குழந்தை டெங்குவில் போய்விட்டது, தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். பீப்பாயில் எட்டிப் பார்த்தேன், புழு நெளிந்தது. கவிழ்த்தேன். மறுபடி நிரப்ப மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அன்று காலையில்தான் தண்டின் ஓரத்தில் எண்ணெய் கசிவதைப் பார்த்திருந்தேன். எண்ணெயில் பழுப்புத் துகள்கள் மிதந்தன.

ரெக்கியை அடக்கம் செய்த அன்று அவன் மனைவி மெய்ஸ்கே எனக்குத் தன் கையால் சோறு போட்டாள். "இருக்கிறதிலேயே உசத்தியானதா நீங்க தேடி வாங்கிக் குடுத்தும் இப்படி ஆயிருச்சே அண்ணே," என்று அழுதாள். முதலாளியும் அதையேதான் எல்லோரிடமும் சொன்னார். என்னைப் படகுத்துறைக்கு மாற்றும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்த சீலை நானே தேர்ந்தெடுத்தேன். கறுப்பு.

மனாடோ கடைக்காரப் பெண் உங்களிடம் சொல்லிவிட்டாள் என்று தெரியும். ஐஸ் ஆலைக்குப் பழுப்பைக் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கப்பலுக்கு என்று பொய் சொல்லித்தான் அன்று வாங்கினேன். அவள் ஒன்றையும் மறப்பதில்லை. நல்ல மாணவி.

மிச்சத்தையும் கேளுங்கள். வளையம் போனபோது ஐஸ் தளத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் வெளியே வர வேண்டுமானால் கம்ப்ரெஸர் அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். ரெக்கி அந்த அறைக்கு வெளியில்தான் நின்றிருந்தான், ஆலை வாசல் பக்கம் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பீப்பாயின் அடியில் குவளை உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எதிரிலேயே என் அறை, வாடை வராமல் இருக்கக் கதவைத் தாழிட்டிருந்தேன். அவன் வந்து கதவைத் தட்டினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் காய்ந்த துண்டு, வாயு உள்ளே போகாமல் வாயை இறுக்கி மூடியிருந்தான். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, அந்தத் துண்டையே முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். வால்வை மூடிவிட்டான், நான்கு பேரும் பிழைத்தார்கள். அவன் மட்டும் வெளியே வரவில்லை.

என் மேசைக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் கேன் ததும்ப இருந்தது, ஐயா. நான் ஒன்றும் இரக்கமில்லாதவன் இல்லை. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன்.