துபாய் மாமுவின் பள்ளிக்கூட பஸ்

—சத்தியமா, கமரு. இப்பத்தான் அஸர் தொழுதுட்டு வந்து உக்காந்திருக்கேன், தொழுகைக்குக் கைகால் கழுவின ஒளுகூட முறியல. இந்த வாயால நான் சொல்லப்போறதுல ஒரு சொல் கூடுதல் இல்ல, ஒரு சொல் குறைச்சல் இல்ல. பொய்னு ஆச்சுன்னா என் நாக்கு காய்ஞ்சு போகட்டும்.

—உங்க நாக்கு எனக்கு வேணும் மாமு, காயவிடாதீங்க. நேரா சொல்லுங்க. துபாய்ல அந்த மாதிரி பள்ளிக்கூடத்துல நீங்க வேலை பாத்தீங்களா?

—பாத்தேனாவா? தாமுவேல இந்தத் தெரு லைன் பூரா என்னை துபாய் மாமுன்னு கூப்பிடுதே, என் அழகுக்கா?

—அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நாங்க இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து ரெண்டு மழைதான் ஆகுது, வேற யாரைத் தெரியும்? கீழ் வீட்டு ரெங்கசாமி அண்ணன்கிட்ட கேட்டேன், சிரிக்கிறார். பாவம், அவருக்கு பாஸ்போர்ட்டே கிடையாதாம். பொறந்தது இங்க பர்மாவுலயே, சர்க்கார் கொடுத்து வச்சிருக்கிறது வெளிநாட்டுக்காரன் அட்டை. பக்கத்து ஊரு பகோவுல மக கல்யாணத்துக்குப் போகக்கூட ஆபீஸ் ஆபீஸா ஏறி அனுமதி வாங்கினாராம்.

—ரெங்கசாமி கெடக்கான். விசயத்தைக் கேளு. உன் மக இன்ஷாவுக்கு என்ன வேலை?

—துபாய்ல பள்ளிக்கூட பஸ்ல பிள்ளைங்களை ஏத்தி எறக்கிப் பாத்துக்கிற ஆயா வேலை. வெள்ளைக்காரன் பாடம் நடத்துற பள்ளிக்கூடமாம். ஏஜெண்டு பர்கத்துல்லா பாய் இன்னிக்குக் காலையிலதான் சொன்னார். பொழுது சாய, மஃரிபுக்கு அவளைக் கூட்டிட்டுப் போக வேன் வந்துடும். அவ பெட்டி வாங்க லத்தா கடைத்தெருவுக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள நான் முடிவு பண்ணணும். அனுப்பலாமா, கூடாதா?

—பஸ் வேலையா. ம்.

—என்ன ம்?

—நானும் அதே வேலைதான் பாத்தேன். அது கெடக்கட்டும், முதல்ல பள்ளிக்கூடத்தைச் சொல்றேன். சுத்தி மணல். நடுவுல சிவப்புச் செங்கல்லு. அந்த வெயில்ல பிள்ளைங்க கழுத்துல டை கட்டி, கோட்டு மாட்டி நிக்கும். பாடத்துல இலையுதிர் காலம்னு ஒண்ணு வருது. அங்க இருக்கிறது பூராவும் ஈச்ச மரம். ஈச்சை எங்க இலையை உதிர்க்கும்? அதனால பெரிய சயா, அதான் தலைமை வாத்தியார், கப்பல்ல இலை வரவழைச்சார்.

—இலையா?

—இங்கிலாந்துலேர்ந்து, கன்டெய்னர்ல. மஞ்சள், சிவப்பு, காவி. காலையில நாங்க முற்றத்துல பரப்பி விடுவோம். பிள்ளைங்க மிதிச்சு நடந்து, சத்தம் கேட்டு, பாட்டுப் பாடும். சாயங்காலம் பொறுக்கி மூட்டை கட்டி வச்சிடுவோம், அடுத்த வருசத்துக்கு. ஒரு வருசம் ஒட்டகம் புகுந்து பாதியைத் தின்னுடுச்சு. அந்த வருசம் அவங்களுக்கு அரை இலையுதிர் காலம்தான்.

—ஒட்டகத்துக்கு ஒண்ணும் ஆகலையா?

—சளி பிடிச்சுது. பழக்கமில்லாத இலை பாரு.

—மாமு, வெளையாடாதீங்க. வேன் வர நேரமாயிட்டிருக்கு.

—நான் எங்க வெளையாடினேன்? நீ டீயை ஊத்து. அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான். அது பகல் பள்ளிக்கூடம். மத்தியானம் தாண்டினா ஒரு உசிரு உள்ள இருக்கக் கூடாது. வாட்ச்மேன்கூட கேட்டுக்கு வெளியிலதான் படுப்பான். ஏன்டா உள்ள படுக்கலைன்னு கேட்டா வானத்தைப் பாப்பான்.

—ஏன்?

—வர்றேன். பஸ்ல எங்களுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. பிள்ளைங்க எல்லாரும் எறங்கின பிறகு, நான் முன்னாலேர்ந்து கடைசி சீட்டு வரைக்கும் நடக்கணும். ஒவ்வொரு சீட்டுக்கும் குனிஞ்சு கீழ பாக்கணும். பின் கண்ணாடியில 'பஸ் காலி'ன்னு எழுதின பலகையை மாட்டணும். வெளியில நிக்கிற சூப்பர்வைசர் பலகையைப் பாத்த பிறகுதான் டிரைவர் கதவைப் பூட்டலாம். எதுக்கு? ஒரு பிள்ளை தூங்கிட்டு உள்ள தங்கிடுச்சுன்னு வை, அந்த வெயில்ல பூட்டின பஸ்ஸுன்னா ரொட்டி அடுப்பு.

—அல்லாஹ்வே. சட்டம் நல்ல சட்டம்தானே?

—நல்ல சட்டம். ஆனா ஒரு நாளு கடைசி சீட்டுல ஒரு பொம்பளைப் பிள்ளை உக்காந்திருந்துச்சு. டை கட்டி, பையை மடியில வச்சு. "எறங்கு தாயி, பள்ளிக்கூடம் வந்துடுச்சு"ன்னேன். "என் ஸ்டாப் இன்னும் வரல அங்கிள்"னுச்சு.

—புதுப் பிள்ளையா இருக்கும்.

—நானும் அப்படித்தான் நினைச்சேன். பட்டாணிக்கார டிரைவரைக் கூப்பிட்டேன். அவன் வந்து பாத்துட்டு, "சீட்டு காலியாத்தானே இருக்கு, பலகையை மாட்டு"ன்னான். திரும்பிப் பாக்கிறேன், உக்காந்துதான் இருக்கு. அது பக்கத்துக் கண்ணாடியில மட்டும் மழைத்தண்ணி வழியுது.

—அங்க மழை ஏது?

—அதான். அதுவும் வெளிப்பக்கம் இல்ல கமரு. உள்பக்கம்.

—போதும் மாமு.

—நீதானே கேட்டே. மறுநாளும் இருந்துச்சு. அதுக்கு மறுநாளும். எனக்கு முன்னால அந்த வேலையில மணிலாக்காரி ஒருத்தி இருந்தா. அவ எங்க போனான்னு யாருக்கும் தெரியல. அவ செருப்பு மட்டும் பஸ்லயே கெடந்துச்சு, ஜோடியா, யாரோ கழட்டி நேரா வச்ச மாதிரி. அப்புறம் ஒரு நாளு அந்தப் பிள்ளை என்கிட்ட பர்மாப் பாஷையில பேசுச்சு. அங்கிள்னு கூப்பிடல, "ஊலே, நீங்க எந்த ஊரு?"ன்னு. தாமுவேல பொறந்த பிள்ளை மாதிரி சுத்தமா.

—இங்கிலீஷ் பிள்ளைக்கு பர்மாப் பாஷை எப்படி வரும்?

—எவன் வேலைக்கு வர்றானோ அவன் பாஷையில பேசும்போல. சரி, இதை இப்படியே விட்டா மணிலாக்காரி செருப்புப் பக்கத்துல என் செருப்பும் நிக்கும்னு, பலகையைத் தூக்கி அது மூஞ்சிக்கு நேரா பிடிச்சு, "படி"ன்னேன். படிச்சுச்சு. பஸ் காலி. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாரு, எழுத்துல இருக்கிறதை மீறாது. "ஓ, சாரி அங்கிள்"னு எந்திரிச்சு, பையை மாட்டிக்கிட்டு, சாத்தின கதவு வழியாவே போயிடுச்சு.

—அல்ஹம்துலில்லாஹ். அத்தோட விட்டுதா?

—விட்டுது. போறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

—என்ன?

—"நீங்க போனதும் உங்க ஊருலேர்ந்து வேற யாராவது வருவாங்களா? எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கல"ன்னுச்சு.

—நீங்க என்ன சொன்னீங்க?

—சின்னப் பிள்ளை கேக்குதேன்னு, வாய்தவறி, "வருவாங்க தாயி"ன்னுட்டேன். என்ன கமரு எந்திரிச்சுட்டே, டீ ஆறுது.

—அந்த போனை எடுங்க. உங்க பக்கத்துலதான் இருக்கு.

—யாருக்கு?

—பர்கத்துல்லா பாய்க்கு. வேன் வர வேணாம்னு சொல்லிடுறேன். என் பிள்ளை போகல.

—நல்லதாப் போச்சு. உன் கையாலயும் இன்ஷா கையாலயும் டீ குடிச்சுப் பழகிட்டேன். இந்த வேலை இல்லைன்னா அடுத்த வருசம் வேற வேலை. அவசரம் என்ன?

—அவசரம் இருக்கு மாமு. லைன்ல யார்கிட்டயும் சொல்லல. கதவைச் சாத்திட்டு வந்து உக்காருறேன், இருங்க. வார்டு ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க. முதல்ல வீட்டுல யார் யாருன்னு கேட்டாங்க. அப்புறம் திரும்ப வந்து இன்ஷா வயசு மட்டும் கேட்டாங்க. பட்டாளத்துக்குக் கட்டாயமா ஆள் எடுக்க சீட்டுக் குலுக்குறாங்க இல்ல, அடுத்த குலுக்கல்ல பொம்பளைப் பிள்ளைங்க பேரையும் போடுறாங்களாம். அதுக்கு முன்னால நாட்டை விட்டுப் போயிடணும்னுதான் இந்த வேலை. எந்த வேலையா இருந்தாலும் சரின்னுதான் இருந்தேன்.

—இதை ஏன் முதல்லயே சொல்லல?

—சொல்லிட்டா மட்டும்? பேய் பிடிச்ச பஸ்ல ஏத்தி விடவா? ஊருக்கு வெளியில ஷ்வேப்யிதாவுல என் தங்கச்சி தையல் ஃபேக்டரில இருக்கா. அங்க கொண்டுபோய் வச்சுக்கிறேன். போனைக் கொடுங்க.

—ஷ்வேப்யிதாவுக்கு எப்படிப் போவ?

—பஸ்லதான்.

—போன வாரம் பட்டாளத்துக்காரங்க அந்த பஸ்ஸைத்தான் மறிச்சு, வாலிபப் பிள்ளைங்களை மட்டும் எறக்கினாங்க. நம்ம டீக்கடை நியாஸ் அதுலதான் இருந்தான். எறங்கினவன் இன்னும் வீட்டுக்கு வரல, கமரு.

—தெரியும். அவன் உம்மா தெனமும் பஸ் ஸ்டாப்புல போய் நிக்கிறா. அதுக்காக?

—அதுக்காகச் சொல்றேன், கொஞ்சம் பொறு. நான் கதையைக் கொஞ்சம் இழுத்துட்டேன்.

—எதை இழுத்தீங்க?

—இலையை. கன்டெய்னர் இல்ல. ஒரு அட்டைப்பெட்டிதான் வந்துச்சு.

—அந்தப் பிள்ளை?

—அது... அது நல்ல பிள்ளை கமரு. ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணாது.

—கண்ணாடிக்கு உள்பக்கம் மழை?

—ஏசித் தண்ணியாக்கூட இருக்கலாம்.

—மணிலாக்காரி செருப்பு?

—புதுச் செருப்பு வாங்கியிருப்பா. பழசை விட்டுட்டுப் போயிருப்பா.

—மாமு, நீங்க ஒளுவோட சத்தியம் பண்ணுனீங்க. வயசான மனுசன். என் வாப்பா மாதிரி நினைச்சுத்தான் கேட்டேன். இப்ப என் மூஞ்சியைப் பாத்து மனசு இளகி மாத்திச் சொல்றீங்க. எனக்குப் புரியாதா? போனை நானே எடுத்துக்கிறேன்.

—கமரு, அந்த போனைக் கீழ வை.

—"வருவாங்க"ன்னு நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க. என் பிள்ளையையா அதுக்குத் துணைக்கு அனுப்புறது? இங்க வந்து பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போறவனாவது மனுசன். கால்ல விழலாம், கெஞ்சலாம். அதுகிட்ட நான் என்னன்னு கெஞ்சுவேன்? ஹலோ. ஹலோ, பர்கத்துல்லா பாயா? நான் கமருன்னிசா பேசுறேன். லைன் சரியில்ல, கேக்குதா?

—வை கீழ. சொல்றதைக் கேளு. அந்த மாதிரி பஸ்ஸே நான் பாத்ததில்ல.

—இருங்க பாய், மாமு என்னமோ சொல்றார். அப்ப பலகை, கடைசி சீட்டு, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

—மத்தியானம் உன் மகதான் படிச்சுக் காட்டினா. வேலைக்குப் போறவங்க என்னென்ன செய்யணும்னு அவ போன்ல வந்திருந்துச்சு. கடைசி சீட்டு வரைக்கும் நடக்கணும், பலகை மாட்டணும், அவ்வளவுதான். மீதி நான்.

—பயந்த பொம்பளையைத் தேத்துறதுக்கு இப்ப இன்னொரு பொய். நீங்க துபாய்ல இருந்த ஆளு. ஊருக்கே தெரியும்.

—ஊருக்கு நான்தான் சொன்னேன்.

—அப்ப நீங்க போட்டிருக்கிற கறுப்புக் கண்ணாடி? உங்க சட்டையில அடிக்கிற அத்தர் வாசனை?

—கண்ணாடி இங்க மிங்கலா மார்க்கெட்டுல வாங்கினது. அத்தர் பள்ளிவாசல் வாசல்ல யாரோ தடவி விட்டது.

—நம்ப மாட்டேன் மாமு. எது சத்தியம், எது இல்லன்னு எனக்கு இனி எப்படித் தெரியும்? பாய், லைன்லயே இருக்கீங்களா? இல்ல, வேன் வேணா—

—கமரு, கீழ் வீட்டு ரெங்கசாமி வச்சிருக்கிற அதே வெளிநாட்டுக்காரன் அட்டைதான் என்கிட்டயும் இருக்கு, பாஸ்போர்ட் கிடையாது, ரெண்டு பேரும் ஒரே வரிசையில நின்னு வாங்கினது. கட்டிக் கொடுக்க எனக்கு மக இல்லாததால, நான் பகோவைக்கூடப் பாத்ததில்ல.