கால் பங்குக்காரி

— போடமாட்டேன்னா போடமாட்டேன். பேனாவை அந்தப் பக்கம் தள்ளு.

— அக்கா, முழுசா கேட்டுட்டு அப்புறமா—

— கேட்டதாலதான்டா கத்தறேன்! வக்கீலம்மா, நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க. கூடப் பிறந்தவன் காதுலயும் நல்லா விழட்டும்.

— சொல்றேன். முதல்ல ரெண்டு பேரும் உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும்மா, இதுல உட்காருங்க. உங்க ஐஸ் பேக்டரியும் அந்தக் கோல்ட் ஸ்டோரேஜ்காரங்களும் சேர்ந்து ஒரு புதுக் கம்பெனி. பாதி அவங்களுக்கு. மீதிப் பாதியில உங்களுக்குக் கால், தம்பிக்குக் கால். ஆனா போர்டுல உங்க குடும்பத்துக்காக உட்கார்றதும் கை தூக்கறதும் தம்பி மட்டும்தான்.

— நல்லா இருக்கே நியாயம்! பங்கு எனக்கு, கை இவனுக்கா?

— அதில்லக்கா. மணிக்கணக்கா மீட்டிங் போடுவாங்க. உனக்குப் போரடிக்குமேன்னுதான்.

— அமோனியா வாடைக்கு நடுவுல காலம் பூரா நின்னவ, ஏசி ரூம்ல உட்கார்ந்தா போரடிச்சுச் செத்துடுவேனா? என்ன அக்கறைடா உனக்கு!

— பிராக்டிகலா பேசுக்கா. கம்ப்ரசர் இன்னொரு கோடையைத் தாங்காது. ஐஸ் பாளம் நடுவுல உறையவே மாட்டேங்குது. படகுக்காரங்க இப்பவே முணுமுணுக்கறாங்க.

— முணுமுணுக்கறவங்க யாருக்குப் போன் பண்றாங்க?

— உனக்குத்தான்.

— திட்டறதுக்கு?

— திட்டறதுக்கும் உனக்குத்தான். இல்லேன்னு சொன்னேனா?

— போர்டுல மட்டும் என் மூஞ்சி ஆகாது.

— நான் ஒண்ணு கேட்கணும் தம்பி. இந்த ஏற்பாடு யார் யோசனை? அவங்களோடதா, உங்களோடதா?

— அவங்க... ஒரே ஆள்கிட்டப் பேசினா சௌகரியம்னு சொன்னாங்க மேடம்.

— அவங்களுக்கு அக்காவும் பங்குதாரர்னு தெரியுமா?

— ஏன்டா முழிக்கறே? பதில் சொல்லு.

— இடம் பார்க்க வந்தப்ப அவங்க மேனேஜர் கேட்டார். பூட்ஸ் போட்டுக்கிட்டு நிக்கறாங்களே, அந்தம்மா சூப்பர்வைசரான்னு.

— நீ என்ன சொன்னே?

— பேச்சு வேகத்துல...

— என்னடா சொன்னே?

— ஒண்ணும் சொல்லலக்கா. தலையாட்டினேன்.

— கேட்டீங்களா வக்கீலம்மா! கோட்டு போட்ட அந்த மேனேஜர் காபியைக் குடிச்சுட்டுக் காலி டம்ளரை என் கையில திணிச்சுட்டுப் போனாரு. ஏதோ தெரியாம செஞ்சுட்டாருன்னு நானும் வாங்கிக்கிட்டேன். இவன் பக்கத்துலதான் நின்னான். இளிச்சுக்கிட்டு!

— இத்தனை நாள் கழிச்சு டம்ளரைப் போய்—

— டம்ளர் இல்லடா. டம்ளர் இல்ல.

— அம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க. நான் சொல்றது சட்டம், சமாதானம் இல்ல. தம்பியோட கால் அவங்க பாதியோட சேர்ந்தா முக்கால். அந்த முக்காலை வச்சு பழைய பேக்டரியை மூடலாம், இடத்தை அடமானம் வைக்கலாம், புதுசா ஒரு ஆளை உள்ளே கொண்டு வரலாம். உங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்ல. அதனால இதெல்லாம் உங்க சம்மதம் இல்லாம நடக்கக் கூடாதுன்னு எழுதணும். போர்டுல உங்களுக்கும் ஒரு நாற்காலி வேணும்.

— அதெல்லாம் கேட்டா அவங்க கிளம்பிப் போயிடுவாங்க மேடம்!

— இப்பக் கேட்டதுக்கே கிளம்பறவங்க, பின்னாடி கேட்டா நின்னு பதில் சொல்வாங்களா?

— அப்படிக் கேளுங்க!

— நான் ஒண்ணும் ஏமாளி இல்லக்கா. ரெண்டு தரப்பும் முட்டிக்கிட்டா எப்படிப் பிரியறதுன்னு நானே சண்டை போட்டு ஒரு விதி சேர்த்திருக்கேன். ஒரு தரப்பு விலை சொல்லணும். அந்த விலைக்கு வாங்கறதா விக்கறதான்னு மத்தவங்க முடிவு பண்ணணும். சின்ன வயசுல நம்ம அம்மா பன் வெட்டச் சொல்லுவாங்களே, அதேதான். ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும்.

— பன்னுன்னா சரி தம்பி. பசி ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணுதான். கையில இருக்கற பணம் அப்படியா? அவங்க அடிமாட்டு விலை சொன்னாலும் திருப்பி வாங்க உங்ககிட்டப் பணம் இருக்காது. வித்துட்டு வெளியே வரணும். அதுவும் எப்ப வெட்டணும்னு அவங்கதான் நேரம் பார்ப்பாங்க.

— வக்கீலம்மா, அந்தப் பன்னை வெட்டினது யாருன்னு கேளுங்க இவனை.

— அக்காதான். எப்பவும் அக்காதான் வெட்டுவா.

— எப்படி வெட்டுவேன்?

— விடுக்கா.

— வாயைத் திறந்து சொல்லு.

— ஒரு துண்டு பெருசா இருக்கும்.

— கை தவறியா?

— இல்ல. வேணும்னே.

— உனக்குத் தெரிஞ்சும் தினமும் பெருசைத்தான் எடுப்பே. எடுன்னுதான் வெட்டினேன், அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா இவ கேட்கமாட்டான்னு அப்பவே மனசுல போட்டு வச்சுட்டியே!

— அக்கா, அழாதே. மேடம் முன்னாடி...

— அழலடா. எரியுது.

— நாம வேணா இன்னொரு நாள் பேசலாமா? நான் திருத்தி எழுதி வைக்கறேன்.

— வேண்டாம் வக்கீலம்மா. நீங்க எழுதற நாற்காலியில நான் உட்கார்ந்தாலும், இவன் தலையாட்டினது ஆட்டினதுதான். டேய், என்னை நிமிர்ந்து பாரு. இடம், மெஷின், படகுக்காரங்க, கோட்டுக்காரர் எல்லாம் ஒரு பக்கம். பேக்டரியில என் பாதியையும் அதுலயே வச்சுட்டேன், சல்லிக்காசு கேட்கமாட்டேன். இன்னொரு பக்கம் அந்த ரப்பர் பூட்ஸோட நான் மட்டும். வெட்டிட்டேன். எடுத்துக்கோ.