லைன் வீட்டுக்கு வந்த டொக்டர்மார்

எழுபதுகளில் ஒருநாள், திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் வந்து அமர்ந்த இளைஞனிடம் கேட்டாள்:

“தம்பி, என்ர மகளின்ர நெஞ்சில குழாய் வைச்சுத்தானே நீங்கள் டொக்டருக்குப் படிச்சனீங்கள்?”

அவன் திகைத்தான். பிறகு ஆளை அடையாளம் கண்டுகொண்டான்.

“ஓம் அம்மா. துறைமுகத் தொழிலாளரின்ர லைன் வீடுகளுக்குப் பயிற்சிக்கு வந்தனாங்கள். இருதயத்தில சத்தம் கேட்டது. எங்களுக்குப் படிப்பிச்ச சேர் எங்கள் எல்லாரையும் கேக்கச் சொன்னவர்.”

“ஒவ்வொருத்தராக் கேட்டனீங்கள். அவளும் கூச்சத்தில சிரிச்சுக்கொண்டு இருந்தவள்.”

“இப்ப எப்பிடி இருக்கிறா?”

“போன மாரியில செத்துப்போனாள்.”



“கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னனாங்களே அம்மா.”

“சொன்னனீங்கள். என்ர மனுசன் துறைமுகத்தில மூட்டை தூக்கிறவர். ரெண்டு நாள் போகாட்டி வேற ஆளைப் போட்டிடுவினம். படிச்சு முடிச்சு எங்கட பக்கம்தான் வேலைக்கு வருவம் எண்டும் சொன்னனீங்கள். நாங்கள் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்.”

“எனக்கு லண்டனுக்குப் போகக் கிடைச்சிருக்கு. மூதூரில மாமாவுக்குச் சொல்லிப்போட்டு வரத்தான் போறன்.”

“நல்லது தம்பி, போயிட்டு வாங்கோ. இனி எங்களிட்ட ஒருத்தரும் வர மாட்டினமோ?”

“இந்த வருசமும் படிக்கிற பொடியள் வருவினம் அம்மா.”

“வரட்டும். அவை பாத்துப் படிக்க என்ர சின்னவள் இருக்கிறாள். அவளுக்கும் அதே இருதய வருத்தம்தான்.”