அடுத்தடுத்து இரண்டு கமா

சவரிமுத்து: இன்னொரு வாட்டி எண்ணிப் பாரு ஜான்சி.

ஜான்சி: மூணு வாட்டி எண்ணியாச்சு உபதேசியாரே. நூத்து இருபத்தாறுதான்.

சவரிமுத்து: என் நோட்டுல நூத்து நாப்பத்துமூணு குடும்பம் இருக்குதும்மா.

ஜான்சி: டைப் அடிக்கும்போது விட்டிருப்பீங்க.

சவரிமுத்து: நானா? ஒரு பேரு அடிச்சா ஜெபமாலையில ஒரு மணி தள்ளுவேன். ஒத்த விரலால இந்தக் கம்ப்யூட்டர்ல பதினாறு நாளு அடிச்சேன்.

ஜான்சி: அதான், அந்த ஒத்த விரலு நடுங்கியிருக்குது.

சவரிமுத்து: கிண்டல் பண்ற நேரமா இது? பன்னெண்டு மணிக்குப் பட்டியல வாங்க தாலுகா ஆபீஸ் ஜீப்பு வந்துடும். இந்தப் பட்டியல்ல பேரு இல்லாதவங்களுக்குப் புது வீடு கெடையாது. சுனாமி அடிச்சு ஏழு மாசமா தகரக் கொட்டாயில வெந்துட்டுக் கெடக்குறாங்க...

ஜான்சி: தெரியும். நானும் அங்கதான் படுக்குறேன்.

சவரிமுத்து: தெரிஞ்சுமா கிண்டல் பண்ற?

ஜான்சி: கோச்சுக்காதீங்க. நோட்டைக் குடுங்க, ஒத்துப் பாக்கலாம்.

சவரிமுத்து: நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும். நான் படிக்கிறேன், நீ பேப்பர்ல பாரு. தேவநாதன்?

ஜான்சி: இருக்காரு.

சவரிமுத்து: உப்பளத்து பொன்னி?

ஜான்சி: பொன்னி... பொன்னி... இல்லையே.

சவரிமுத்து: ஐயோ! கைக்கொழந்தைக்காரி. ராசம்மாள்?

ஜான்சி: இல்ல.

சவரிமுத்து: மேரிசெல்வி?

ஜான்சி: இல்ல உபதேசியாரே. இருங்க... இவங்க மூணு பேரு வீட்லயும்...

சவரிமுத்து: ஆமா. அலை கொண்டுபோன புருசன் இன்னும் கெடைக்காதவங்க.

ஜான்சி: பொன்னி வரிய நீங்க எப்படி அடிச்சீங்க? அப்படியே சொல்லுங்க.

சவரிமுத்து: எல்லாரையும் அடிச்ச மாதிரிதான். பேரு, கமா. புருசன் பேரு, கமா. வேலை, கமா. எத்தனை தலை.

ஜான்சி: பொன்னி புருசன் பேரு என்ன அடிச்சீங்க?

சவரிமுத்து: ஒண்ணும் அடிக்கல. எடத்த வெறுமனே விட்டேன்.

ஜான்சி: அப்போ ரெண்டு கமா ஒட்டி ஒட்டி வந்திருக்கும்!

சவரிமுத்து: வரட்டுமே, அதனால என்ன?

ஜான்சி: போச்சு. தப்பு என்னுதுதான்.

சவரிமுத்து: எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா.

ஜான்சி: கமா வர்ற எடத்துல எல்லாம் வரிய வெட்டுன்னு புரோகிராம்ல எழுதியிருக்கேன். அந்தக் கமாவுக்குப் பின்னாடி ஒரு பிளஸ் குறி போட்டுட்டேன். அது இருந்தா, எத்தனை கமா ஒட்டி வந்தாலும் ஒரே கமான்னு எடுத்துக்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு சொல்வாங்க.

சவரிமுத்து: அத எதுக்குப் போட்ட?

ஜான்சி: உங்க விரலு ரெண்டு வாட்டி தட்டிடுச்சுன்னு நெனச்சேன்... தெரியாம நடந்த தப்பு, நாமளே சரி பண்ணிடலாம்னு.

சவரிமுத்து: சரி, அப்புறம்?

ஜான்சி: வெறும் எடம் காணாமப் போயிடுச்சு. பொன்னி வரி மூணு துண்டாத்தான் வந்திருக்கும். நாலு துண்டு இல்லாத வரியத் தள்ளி வெச்சுடுன்னு வேற சொல்லியிருந்தேன். தள்ளி வெச்சுடுச்சு.

சவரிமுத்து: தெரிஞ்சு வெச்ச வெறும் எடம்மா அது! செத்துட்டான்னு எழுதப் போனா, அந்தப் பொண்ணுங்க என் கையப் புடிச்சுக்குதுங்க. இருக்கான்னு எழுதினா சாமிக்கு முன்னாடி பொய். நான் என்ன பண்ணுவேன்? அந்த எடம் அவனோடது, அப்படியே இருக்கட்டும்னு விட்டேன்.

ஜான்சி: ஒரு குறியத்தான் எடுக்கணும். எடுத்துட்டேன். இனிமே வெறும் எடமும் ஒரு துண்டுதான். ஓட்டுறேன்... மணி என்ன?

சவரிமுத்து: பதினொண்ணே முக்கா. மாதாவே, கரண்ட் மட்டும் போயிடக் கூடாது.

ஜான்சி: வருது... பொன்னி வந்துட்டா. ராசம்மாள்... மேரிசெல்வி... பாருங்க, வரிசையா வர்றாங்க!

சவரிமுத்து: ஸ்தோத்திரம். எத்தனை?

ஜான்சி: நூத்து நாப்பத்திரெண்டு.

சவரிமுத்து: மூணு.

ஜான்சி: ரெண்டு போதும். பிரிண்ட் போடுறேன்.

சவரிமுத்து: ஒரு குடும்பம் கொறையுது ஜான்சி. ஏன் திரையவே பாத்துட்டு இருக்க? என்னப் பாரு.

ஜான்சி: ஜீப்பு வந்துடும்...

சவரிமுத்து: வரட்டும். நிக்கச் சொல்றேன். எந்தக் குடும்பம்?

ஜான்சி: பேப்பர் வெச்சாச்சு, பிரிண்ட் போடட்டா?

சவரிமுத்து: அருள்மேரி குடும்பமா?

ஜான்சி: நான்தான் அழிச்சேன்.

சவரிமுத்து: உங்க அம்மாவோட வரியவா?

ஜான்சி: எங்களுக்குப் புது வீடு வேணாம். ஊரு தாண்டி ரெண்டு கிலோமீட்டர் உள்ளாற கட்டுறாங்க. அங்க போயிட்டா, அப்பா வந்தா எங்க தேடுவாருன்னு அம்மா தவிச்சுப் போயிடுவாங்க.

சவரிமுத்து: அம்மா அப்படிச் சொன்னாங்களா?

ஜான்சி: சொல்லணுமா? தெனம் ராத்திரி அப்பா தட்டையும் கழுவி வெச்சு, ஒரு கரண்டி சோறு போடுறாங்க. காலையில அந்தச் சோத்தக் காக்காவுக்கு வெக்கிறாங்க. எனக்குத் தெரியும் உபதேசியாரே, அவரு வரமாட்டாரு. எனக்கு எப்பவோ தெரியும். அம்மாகிட்ட அத எந்த வாயால சொல்லுவேன்? அதான், நோட்டக் குடுங்க, அதுலயும் எங்க வரியக் கோடு போட்டு அடிச்சுடுறேன்.

சவரிமுத்து: வேணாம்மா. நோட்ட விடு...

ஜான்சி: காலையிலேர்ந்து நெஞ்சோட சேத்துப் புடிச்சிட்டிருக்கீங்க. அப்படி என்ன இருக்குது இதுல? விடுங்க... அருள்மேரி... இது... எங்க அப்பா பேரு எங்க?

சவரிமுத்து: ஜான்சி, உக்காரு.

ஜான்சி: சிலுவைமுத்துன்னு இருந்துச்சே! ஃபைல்ல நான் பாத்தேனே! யாரு கோடு போட்டு அடிச்சது? மை புதுசா இருக்குது. யாரக் கேட்டு எங்க அப்பா பேர அடிச்சீங்க?

சவரிமுத்து: நான் அடிக்கலம்மா. மத்தவங்களுக்கு எடத்த வெறுமனே விட்ட எனக்கு, உங்க அப்பா பேர எடுக்க மட்டும் ஏழு மாசமா கை வரல.

ஜான்சி: அப்புறம் யாரு?

சவரிமுத்து: காலைப் பூசை முடிஞ்சு உங்க அம்மா வந்தாங்க. பேனாவ வாங்கி அவங்களே அடிச்சாங்க. "எனக்குத் தெரியும் உபதேசியாரே, அவரு வரமாட்டாரு. ஜான்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவ இன்னும் நம்பிட்டிருக்கா. அவளுக்காகத்தான் தட்டு வெக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனாங்க.